சவரக்கத்தியும் பச்சைப் பசையும்

சவரக்கத்தி ஒன்றுக்குத் தன் கூர்மேல் கொள்ளை ஆசை. கத்தி தீட்டும் தோல்வாரின் வெறும் பக்கத்தில் நாலு இழுப்பு இழுத்தாலே போதும். ஆனாலும் அது கேட்காது. கூர் ஏற்றும் பச்சைப் பசை தடவிய மறுபக்கத்துக்குத்தான் தினமும் போகும்.

"பசைத் தம்பி, இன்னும் கொஞ்சம் தேய்ச்சுவிடேன்."

"நேத்துதானேண்ணே தேய்ச்சேன்!"

"பக்கத்துக் கடைக் கத்தியைப் பார்த்தியா? கன்னத்துல என்னமா வழுக்கிக்கிட்டுப் போகுது!"

பசையும் மறுக்காமல் தேய்த்துக்கொடுத்தது.

ஒருநாள் கத்தி பளபளவென்று நிமிர்ந்து பார்த்தால், பச்சைப் பசை முழுக்கக் கறுத்துக் கிடந்தது.

"ஐயோ தம்பி, யாரு அழுக்குடா இது?"

பசை தயங்கியது. "அழுக்கு இல்லண்ணே. அது நீங்கதான். இத்தனை நாளா தேஞ்ச உங்க இரும்பு."

கத்தி அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, யாரும் மடக்காமலே தன் பிடிக்குள் மெல்ல மடங்கிக்கொண்டது.