சிவப்புக் கட்டம்

"இன்னும் மூணே கேள்விங்க. சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க," என்றாள். நல்ல தூக்கத்தைப் பற்றி ஓர் ஆஸ்பத்திரி கேட்டிருந்த விளக்கப்படம் அவளுடைய கம்ப்யூட்டரில் முக்கால்வாசி முடிந்திருந்தது. படிப்பவர்களுக்குப் புரியுமா என்று கணவனிடம்தான் எப்போதும் சோதித்துப் பார்ப்பாள்.

"கேளு, கேளு."

"ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"நாலு. உனக்குத் தெரியாதா என்ன?"

"வேலைக்கு நடுவுல கண் அசருதா?"

"தினமும்தான்!" என்று சிரித்தான். "ஒரு செகண்ட் அப்படியே சொக்கிடும். முழிச்சுப் பார்த்தா, வேலை அதுபாட்டுக்கு நடந்துக்கிட்டிருக்கும்."

மவுஸின் மேலிருந்த அவள் விரல் நின்றது.

"தானா... தானாவே முழிப்பு வந்துடுமா?"

"எங்கே? பின்னாடி ஒரே கூச்சல். அதுதான் என் அலாரம்." அவன் கை கழுவப் போனான்.

மூன்று பதில்களின் அம்புக்குறிகளும் 'உடனே டாக்டரைப் பாருங்கள்' என்ற சிவப்புக் கட்டத்தில் போய் முடிந்தன.

"என்ன, பாஸாயிட்டேனா?" திரும்பி வந்தவன் சுவரிலிருந்த ஆணியைத் தடவினான். "சாவி இங்கேதானே இருந்துச்சு?"

"இன்னிக்கு ஒருநாள் லீவு போடுங்களேன்." என்றாள்.

"போட்டா நாளைக்கு வேற ஆளை வெச்சுக்குவாங்க. விளையாடாம சாவியைக் கொடு."

மேஜைக்கு அடியில் அவள் பிடி இன்னும் இறுகியது. உள்ளங்கை வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது, நாற்பத்திரண்டு குழந்தைகள் ஏறும் ஸ்கூல் பஸ்ஸின் சாவி.