இருபத்தேழும் ஓடட்டும்

"மூலம், ஆயில்யம், கேட்டை, விசாகம். இந்த நாலையும் விட்டுட்டு லூப் சுத்தினாப் போதும்மா. நாளைக்கு ஆப் வெளியாகணும்" என்றார் சுந்தரராமன்.

மேற்குத் தாம்பரத்தில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர். ஸஹானா அவருக்கு ஆப் எழுதித் தரும் புரோகிராமர். அவள் எழுதிய புரோகிராமில் 'நட்சத்திரம்' என்று ஒரு வகை. அதற்குள் அசுவினி முதல் ரேவதி வரை இருபத்தேழு மதிப்புகள். லூப் ஒவ்வொன்றாகப் போய், அந்த நட்சத்திரத்துப் பெண்களை எடுத்து வந்து காட்டும்.

"முடியாது சார். இருபத்தேழும் ஓடும்."

"படப்பை பார்ட்டி நேத்து என் சட்டையைப் பிடிக்காத குறை. மூல நட்சத்திர ஜாதகத்தை ஏன் காட்டினேன்னு கத்தறான். மாமனாருக்கு ஆகாதாம். ஆயில்யம்னா மாமியாருக்கு ஆகாது. ஊரே நம்புது, நான் என்ன பண்ண?"

"வேண்டாம்கறவங்க அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துல இருக்கற டிக்கை அவங்களே எடுக்கட்டும். மிச்சத்துல மட்டும் லூப் போகும். அதையும் எழுதிட்டேன். நாமளே நாலை வெட்டினா, அந்தப் பொண்ணுங்க யார் கண்ணுலயும் படவே மாட்டாங்க."

"இவ்ளோ பிடிவாதமா? உனக்கு மூலமா?"

"ரோகிணி."

"அப்புறம் என்னவாம்?"

"எங்க வீட்ல ஒரு ஆயில்யம் இருக்கு சார்."

"அதானே பார்த்தேன்!" சுந்தரராமன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "தங்கச்சியா? முதல்லயே சொல்றதுக்கென்ன? மாமியார் இல்லாத வீடா நானே தனியாப் பார்த்துத் தரேன். லூப்ல மட்டும் அடம் பிடிக்காத."

"தனியா எல்லாம் வேண்டாம். எல்லாரோடயும் சேர்ந்துதான் வரணும். இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தே விட்டாள். கதவு வரை போனவளை சுந்தரராமனின் குரல் பிடித்து இழுத்தது.

"உட்காரும்மா! விடிஞ்சா ஆப் வெளியாகணும், இப்போ எவனைப் போய்த் தேடுவேன்? இருபத்தேழும் ஓடட்டும். போதுமா? உன் ஆயில்யத்தையே முதல்ல ஏத்து, பார்க்கலாம்."

ஸஹானா ஏற்றினாள். பட்டனைத் தட்டினாள். லூப் அசுவினியில் கிளம்பி, யாரையும் தாண்டிக் குதிக்காமல் ஆயில்யத்துக்கு வந்து நின்றது. திரையில் ஒரு முகம் மலர்ந்தது.

சுந்தரராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பெண்ணின் காதோரம் நரைத்திருந்தது.

"யாரும்மா இது?"

"அடுத்த மாசம் நான் கல்யாணமாகிப் போயிட்டா, வீட்ல தனியா ஆயிடுவாங்க சார்" என்றாள் ஸஹானா. "எங்க அம்மா."