புள்ளி அட்டை

பதினோராவது கடல் அட்டையைத் தூக்கியபோது அண்ணன் என் காற்றுக் குழாயை அறுத்தான்.

பின்னாலிருந்து வந்தான், பாவி. கூடப் பிறந்தவன். எட்டு மீட்டர் ஆழத்தில் என் காற்றெல்லாம் கொப்பளித்துக்கொண்டு மேலே போனது.

கடலடியில் தடித்த புழு மாதிரி கிடக்கும் இந்த அட்டைகளைப் பார்த்து இனம் சொல்வது மீன்வளத் துறையில் என் வேலை. பவளப் பாறையோரம் நீளமாகக் கயிறு கட்டியிருப்போம். அதன் இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்குள் கிடப்பதுதான் கணக்கு. கறுப்பு அட்டையைத் தேய்த்தால் கையில் சிவப்புச் சாயம் ஒட்டும். புள்ளி அட்டையை அமுக்கினால் வெள்ளை வெள்ளையாகப் பசை நூலைப் பீய்ச்சும். நான் பார்த்த பிறகு மேலதிகாரி கேமராவோடு இறங்கிச் சரிபார்ப்பார்.

புள்ளி அட்டை ஒன்றே ஒன்று இருந்தாலும் போச்சு, ஐந்து வருடத்துக்கு அங்கே யாரும் அட்டை பிடிக்கக் கூடாது. அண்ணனுக்கு அதுதான் பிழைப்பு.

காலையில் படகுத்துறையில், மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போதே கேட்டான். "பாத்து எழுதும்மா."

உள்ளதைத்தான் எழுதுவேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னேன். அவர் காதுபட வேறு என்ன சொல்ல?

இப்போது கத்தி கழுத்துக்கு வந்தது. திமிறினேன், தோளில் இறங்கியது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. அவன் முகக் கண்ணாடியைப் பிய்த்து எறிந்து, கையிலிருந்த அட்டையை முகத்தோடு வைத்துப் பிழிந்தேன். கண், மூக்கு, இமை எல்லாம் பசை நூல். முட்டியால் வயிற்றில் ஓங்கி இடித்தேன்.

மூச்சை ஊதிக்கொண்டே நான் மேலே வந்தேன். கண் தெரியாத பயத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்திருக்கிறான். ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும், நுரையீரலைக் கிழித்துவிடும். முதல் நாள் இறங்குகிறவனுக்குக்கூட அது தெரியும்.

படகில் வாயில் ரத்தம் நுரைக்கக் கிடந்தான். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மாறி மாறி அறைந்தேன்.

"உனக்காகத்தானேடா தூக்குனேன்! அதுக்குள்ள என்னடா அவசரம்?"

"விடும்மா," என்றார் படகோட்டி. "அண்ணன் போயிட்டாரு."

சாட்சிக்கு எடுத்துப் போகிறேன் என்று நினைத்துவிட்டான். நான் புள்ளி அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கயிற்றுக்கு வெகுதூரம் தள்ளி விட்டுக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் பிழிந்ததுதான் கடைசி.

நான்காம் நாள் மேலதிகாரி இறங்கினார். கயிறு நெடுகத் தேடிவிட்டு, இங்கே தாராளமாக அட்டை பிடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.