பெயரிழந்த கோப்புகள்

பொன்ராணி இறந்தபின் முதன்முறையாகத் திறந்த அவளது லினக்ஸ் மடிக்கணினி, கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. அவள் குரல் எங்காவது மிஞ்சியிருந்தால் அது இதற்குள்தான் என்று நம்பினான் அவள் கணவன் நெல்லையப்பன். அவள் தம்பி இசக்கிராஜ் பென்டிரைவைச் செருகி இயந்திரத்தை வேறு வழியாக எழுப்பினான். பழுதுபார்க்கும் நிரல் ஒவ்வொரு பிழைக்கும், “சரிசெய்யட்டுமா?” என்று கேட்டது. நெல்லையப்பன் ‘சரி’ என்பதற்கான ஒய் விசையை அழுத்திக்கொண்டே இருந்தான். கல்யாணத்துக்குக்கூட அவன் இத்தனை முறை சரி சொன்னதில்லை. மீண்ட கோப்புகள் பெயரிழந்து, வெறும் எண்களோடு குவிந்தன. முதல் வீடியோவில் நெல்லையப்பன் வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அடுத்ததிலும் அதுவே, பனியன் மட்டும் வேறு.

“அக்கா சொல்லிச் சொல்லி அழுதா அத்தான். நாங்கதான் நம்பல,” என்றான் இசக்கிராஜ்.

“அடுத்தத போடுடே.”

அடுத்ததில் குறட்டை ஒருகணம் இடறியது. அந்த இடைவெளியில், கேமராவுக்குப் பின்னாலிருந்து பொன்ராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினாள். உடனே குறட்டை ஏறி அவளை மூடிவிட்டது. நெல்லையப்பன் பின்னுக்கு இழுத்து மறுபடி ஓடவிட்டான். மறுபடியும் குறட்டைதான்.

அவன் திரையில் தூங்குகிறவனிடம் குனிந்தான்.

“கொஞ்சம் வாய மூடுல,” என்றான்.