ஒன்பதாம் மெஷின் பட்டன்

எங்கள் ராஜபாளையம் மில்லில் ஆளைக் கூப்பிட மெஷினுக்கு ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் கம்ப்யூட்டருக்குச் சிக்னல் போகும். ஒரே பட்டனிலிருந்து சிக்னலாகக் கொட்டினால் கம்ப்யூட்டர் உறைந்துவிடும். அப்படிக் கொட்டும் பட்டனைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அடைத்துவிடும்படி, பட்டன்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதியவன் நான்.

போன மாதம் ஒன்பதாம் மெஷினில் வேலை பார்த்த வேலுத்தாயக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதன் பட்டனை விடாமல் அமுக்கியிருக்கிறார். புரோகிராம் அடைத்துவிட்டது. யாரும் போகவில்லை. அங்கேயே உயிர் போய்விட்டது.

இன்று காலை அதே பட்டனிலிருந்து, புரோகிராம் அடைத்தும் நிற்காமல், நொடிக்கு நாற்பதாயிரம் சிக்னல். ஒயரைக் கழற்றிய பிறகும் வந்துகொண்டிருந்தது.

“அக்கா இன்னும் கூப்பிடுதாவ சார். ஒரு எட்டு அங்க போயி, ‘நான் வந்துட்டேன்’னு சொல்லுங்க,” என்றாள் பக்கத்து மெஷின் மாரிசெல்வி.

போய்ச் சொன்னேன். சிக்னல் நின்றது. கம்ப்யூட்டர் திரையில், ஆள் போனதும் எப்போதும் வரும் வரி வந்திருந்தது: ‘ஒன்பதாம் மெஷின். ஆள் வந்தாயிற்று. காத்திருந்த நேரம், முப்பத்தொரு நாள்.’