இரண்டாம் வார வசூல்

“அஞ்சாம் பாகம் பிச்சுக்கிட்டுப் போகுதுடா! நேத்து எந்த தியேட்டர்லயும் ஒரு சீட்டு காலி இல்ல.” கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிச் சொன்னான் சோடாபுட்டி.

“கிழிச்சுது” என்றான் நெட்டையன். “சொன்ன தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே படத்த எறக்கிட்டீங்க. எதிர்ல வேற படமே இல்ல. தனியா ஓடி ஃபர்ஸ்ட் வந்துட்டு வசூல் வசூல்னு குதிக்கிறீங்க.”

கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தவன் கையை உயர்த்தினான். “எங்க ‘இரும்புச் சிறகு’ தனியா ஓடினாலும் ஓடும். உங்க ‘கருங்கடல்’ நாலு பேர் தள்ளி விட்டாலும் நகராது.” இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அப்பா தண்ணீரை அவன் வாயருகே கொண்டுபோனார். பஸ் கண்டக்டர். காலை ஷிஃப்டை முடித்துவிட்டு யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

இந்தச் சண்டை அவருக்குப் புதிதல்ல. பள்ளிக்கூட நாளிலிருந்தே மூன்று பேரும் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இப்படித்தான் தொண்டை கிழியக் கத்துவார்கள். “படம் ஓடினா உனக்கு கமிஷனா தர்றான்?” என்று அவர் எத்தனையோ முறை மகன்மேல் எரிந்து விழுந்திருக்கிறார்.

இப்போது அவரே ஒரு வார்த்தை விடாமல் காது கொடுத்துக் கேட்டார். மாசக் கடைசி வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னபோது, இந்த இரண்டு பேரும் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார்கள். “அஞ்சாம் பாகத்த மட்டும் பாத்துட்டாப் போதும்” என்று அவன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது அவர்களுக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை இருவரும் மூச்சிரைக்க ஓடி வந்து, “டேய், படம் வந்துருச்சுடா!” என்று கூவினார்கள். அன்றிலிருந்து தினமும் வசூல் கணக்கோடு வந்துவிடுகிறார்கள்.

அன்று சாயங்காலமே மகன் தன் போனை அணைத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டான். “வெளிச்சம் கண்ணக் குத்துதுப்பா, நீங்களே வச்சுக்கோங்க. எல்லாத்தையும்தான் இவனுங்க வந்து சொல்றானுங்களே.” அது இன்னமும் அவர் சட்டைப் பையில்தான் கிடந்தது.

“எனக்கு ஒண்ணு புரியல” என்றார் கண்டக்டர். “கூட்டம் அலைமோதுதுங்கறீங்க. என் வண்டியில தியேட்டர் ஸ்டாப்ல ஒரு ஈ காக்கா இறங்கலயே?”

பதில் சொன்னவன் மகன்தான். “இப்ப யாருப்பா பஸ்ல வர்றா? எல்லாம் பைக்கு. உங்க டப்பா வண்டியில ஏறினா, படம் விடற நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம்.”

“அப்படிச் சொல்லு!” என்று சோடாபுட்டி சத்தம் போட்டுச் சிரித்தான். மகனும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி அவனை உலுக்கியது. அது அடங்கும்வரை அப்பா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். சட்டைக்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது.

“முதல் வாரம் எவன்தான் ஓட்டல?” நெட்டையன் விட்ட இடத்தில் பிடித்தான். “ரெண்டாவது வாரம் எப்படி விழுதுன்னு மட்டும் பாரு.”

“விழாது. பந்தயம் கட்டறியா?”

நெட்டையன் ஜன்னல் பக்கம் திரும்பி, “வேணாம்டா, ஒத்துக்கறேன். உங்க படம்தான் ஜெயிச்சுது” என்றான்.

அவன் தோற்றதாக ஒத்துக்கொண்டு கண்டக்டர் பார்த்ததே இல்லை. மகன் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, எனக்காவது சொல்லுங்கடா” என்றார் கண்டக்டர். “ அந்தப் பறக்கறவன் கடைசியில பொழைச்சானா, இல்லையா?”

“ஐயோ அப்பா!” சோடாபுட்டி பதறினான். “படம் பாக்காதவன் இருக்கற இடத்துல முடிவச் சொல்லக் கூடாது. அது எங்க சட்டம்.”

“அப்ப இவன் எப்பத்தான்டா பாக்கறது?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். “நாளைக்கு வர்றோம்டா” என்று நெட்டையன் அவன் தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போனான்.

கண்டக்டர் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். அந்த தியேட்டர் ஸ்டாப்பின் பெயரைத் தினமும் கூவுகிறவர்தான். ஆனால் மகன் எத்தனை முறை கூப்பிட்டும் ஒருநாள்கூட உள்ளே போனதில்லை.

“டேய், அவனுங்க சட்டம் எனக்குக் கிடையாது” என்றார். “நாளைக்கு லீவு சொல்லிட்டு நானே போய்ப் பாக்கறேன். ஒரு சீன் விடாம உன்கிட்ட வந்து சொல்றேன். முடிவையும் சேர்த்து.”

மகன் கண்களை மூடினான். இமையோரம் ஈரம் கசிந்தது. பிறகு கண்ணைத் திறந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, அப்பாவின் கையைப் பற்றினான்.

“படம் இன்னும் வரவே இல்லப்பா... எனக்குத் தெரியும்னு அவனுங்ககிட்ட சொல்லிராதீங்க.”