கல்தொட்டி

"ஸ்டாபுலம்னா லத்தீன்ல தொழுவம், ஐயா. வழிப்போக்கர் தங்குற இடத்துக்கும் அதே பேர்தான். குதிரை லாயத்தை விடுதியா மாத்தினதுக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு வச்சோம்" என்று பெருமை பேசிக்கொண்டே மேனேஜர் மூன்றாம் அறையைத் திறந்தார்.

இந்த அறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற பெரியவர், தங்கையின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். மெத்தையையோ விளக்கையோ பார்க்கவில்லை. நேராக மூலையிலிருந்த கல்தொட்டியிடம் போனார். அதில் இப்போது பூச்செடிகள். விளிம்பைத் தடவியவருக்குக் கண் கலங்கியது.

"தீனித் தொட்டி ஐயா. அழகுக்காக அப்படியே விட்டுட்டோம்" என்ற மேனேஜருக்குச் சட்டென்று பொறி தட்டியது. "நீங்க இங்க குதிரை பார்த்துக்கிட்டவரா?"

"குதிரையை நான் கண்ணால கண்டதில்லப்பா. அதுங்க போனப்புறம், வீடில்லாதவங்களை இங்க குடிவச்சாங்க. குடும்பத்துக்கு ஒரு தடுப்பு. இது எங்க வீடு."



பெரியவர் தங்கையைப் பக்கத்தில் இழுத்தார். "இவ பொறந்தப்போ அம்மா இதுலதான் வைக்கோலைப் பரப்பித் தூங்க வச்சாங்க."

தங்கை குனிந்து பூச்செடிகளை மெல்ல விலக்கினாள்.

"கல்லுத் தொட்டில்ல தூங்கின மகாராணின்னு நீ சொல்றப்பல்லாம், கதை விடுறேன்னுதானே சிரிச்சேன் அண்ணா!"